ஈயத்தின் எடை என்ன?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மும்பையில் நான் குடியிருக்கும் கட்டடத்திலேயே வசிக்கும் மதுரைக் குடும்பத்துப் பையன், பத்தாம் வகுப்பு மாணவன், இரண்டு புத்தகங்களை ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தான். ஒன்று, அவனுடைய தகப்பனார் கல்லூரியில் படித்த காலத்து ரசாயனப் புத்தகம். ஊரைவிட்டுப் புறப்பட்டபோது டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்து வடக்கே கொண்டுவந்தது. மற்றொன்று, கல்லூரியில் படிக்கும் அவனுடைய அக்காள் இவ்வாண்டு வாங்கியது. பழைய புத்தகத்தில் ஈயத்தின் அணு எடை 207.2 என்று அச்சிட்டிருந்தது. புதியதில் ஒரே எண் இல்லை. சதுர அடைப்புக் குறிகளுக்குள் 206.14 என்றும் 207.94 என்றும் இரண்டு எண்கள் இருந்தன.

“மாமா, இரண்டில் எது சரி? அணுவின் எடைகூடவா விலைவாசி மாதிரி ஏறி இறங்கும்?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. இதற்கு அவனுக்கு விடை சொல்லி முடிக்க எனக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் வேண்டியிருந்தன. அவற்றில் சொன்னதைத்தான் இன்று இந்தப் பதினைந்து நிமிடங்களுக்குள் அடக்க முயல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். ஈயம் என்றதும் நம் இல்லத்தரசிகளுக்கு ரசம் வைக்கும் ஈயச் சொம்புதான் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம், முற்றிலும் வேறான உலோகம். நான் பேசப்போவது காரீயத்தைப் பற்றி. மீன்பிடி வலையின் குண்டிலும், மோட்டார் வண்டியின் மின்கலத்திலும் இருப்பது அது. உடலுக்குக் கேடு செய்வதும் அதுவே. இனி ஈயம் என்று நான் சொல்லுமிடமெல்லாம் காரீயம் என்றே கொள்ளுங்கள்.

அணு எடை என்பது என்ன? ஓர் அணுவைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது. ஆகையால் ஓர் அணு மற்றோர் அணுவைப்போல எத்தனை மடங்கு கனமானது என்றுதான் சொல்லுகிறோம். 1961-ஆம் ஆண்டு முதல் கார்பன் தனிமத்தின் ஒரு குறிப்பிட்ட வகை அணுவை 12 என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதனோடு ஒப்பிடுவது உலக வழக்கு. அந்தக் கணக்கில் செம்பின் அணு எடை 63.546. ஆனால் இந்த 63.546 எடையுள்ள செம்பு அணு ஒன்றை உலகம் முழுவதும் தேடினாலும் நீங்கள் காணமாட்டீர்கள். உங்கள் வீட்டுச் செம்புக் குடத்தில் இருவகை அணுக்கள் கலந்திருக்கின்றன. நூற்றுக்கு 69-க்குச் சற்று மேற்பட்டவை ஏறக்குறைய 62.93 எடையுள்ளவை, மற்றவை 64.93 எடையுள்ளவை. ரசாயனத்தில் இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். புளி போட்டுத் தேய்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். இவற்றின் சராசரியே 63.546. ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட இத்தகைய அணுக்களுக்கு ஐசோடோப் என்று பெயர். தனிமங்களின் அட்டவணையில் ‘ஒரே இடத்தில் இருப்பவை’ என்பது பொருள். பிரடெரிக் சாடி என்ற ஆங்கில விஞ்ஞானி 1913-இல் இதை வழக்குக்குக் கொண்டுவந்தார். கிரேக்க மொழியிலிருந்து இந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர்.

தங்கத்தின் கதை வேறு. இயற்கையில் கிடைக்கும் தங்கத்தில் ஒரே வகை அணுதான் உண்டு. ஆகவே அந்த ஓர் அணுவின் எடையைத் துல்லியமாக அளந்துவிட்டால் வேலை முடிந்தது, 196.96657 என்று அடித்துச் சொல்லலாம். கலவையான உலோகங்களில்தான் சங்கடம். அங்கே இரண்டு செய்திகள் தெரியவேண்டும்: ஒவ்வொரு வகை அணுவின் எடை என்ன, ஒவ்வொன்றும் எத்தனை பங்கு இருக்கிறது. முதலாவதை இன்று மிக நுட்பமாக அறிவோம். இரண்டாவதுதான் ஆளைப் படுத்திவைப்பது.

இனி ஈயத்துக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் அணு எடை மாறாத ஒன்று என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அந்த நம்பிக்கையின் மிகச் சிறந்த ஊழியர் என்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் தியோடோர் ரிச்சர்ட்ஸைச் சொல்லலாம். இரசாயனத் தராசைக்கொண்டு அவரும் அவருடைய மாணவர்களும் இருபதுக்கும் மேற்பட்ட தனிமங்களின் அணு எடையைத் திருத்தி அளந்தார்கள். அவர் கையாண்ட முறை கேட்பதற்கு எளியது, செய்வதற்குத் தவம். உதாரணமாக, ஈயக் குளோரைடை மீண்டும் மீண்டும் படிகமாக்கித் தூய்மை செய்து, உலர்த்தி, நிறுத்து, நீரில் கரைப்பார்கள். அதிலுள்ள குளோரின் முழுவதையும் வீழ்படிவாக்க எவ்வளவு வெள்ளி வேண்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். கடைசித் துளி போதுமா, இன்னும் வேண்டுமா என்பதைக் கரைசலில் தோன்றும் மிக மெல்லிய மங்கலைக்கொண்டு முடிவு செய்யவேண்டும். அந்த மங்கலை அளப்பதற்கென்றே ரிச்சர்ட்ஸ் ஒரு கருவியை அமைத்தார். கல்லூரி நாளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசின் முன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நேயர்களிலும் சிலர் இருப்பீர்கள். அந்த மூச்சடக்கலை ஆண்டுக்கணக்கில் நீட்டிப் பாருங்கள். ரிச்சர்ட்ஸின் ஆய்வுக்கூடம் கண்முன் வரும்.

இப்படிப்பட்டவரிடம்தான் மாறாத எடையைச் சோதிக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. கதிரியக்கத்தை ஆராய்ந்த சாடியும், ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் பணியாற்றிய காசிமிர் ஃபயன்ஸும் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்திருந்தார்கள். யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது; அந்த ஈயத்தின் எடை 206 ஆக இருக்கவேண்டும். தோரியமும் சிதைந்து ஈயமாகிறது. அதன் எடையோ 208. அப்படியானால் யுரேனியக் கனிமத்திலிருந்து எடுத்த ஈயமும், தோரியக் கனிமத்திலிருந்து எடுத்த ஈயமும், கடையில் வாங்கிய ஈயமும் எடையில் வேறுபட்டாக வேண்டும். ஃபயன்ஸ் தம் மாணவர் மாக்ஸ் லெம்பர்ட்டைக் கடல் கடந்து ரிச்சர்ட்ஸிடம் அனுப்பினார்.

1914-இல் முடிவுகள் வெளிவந்தன. சாதாரண ஈயம் 207.15. வட கரோலினாவின் யுரேனியக் கனிமத்திலிருந்து எடுத்த ஈயம் 206.40. பொஹீமியாவின் யோவாகிம்ஸ்தால் சுரங்கத்தது 206.57. நமக்கு அண்டையிலிருக்கும் இலங்கையின் தோரியனைட் என்ற கனிமத்தது 206.82. இலங்கைக் கனிமத்தில் தோரியம் மிகுதியாயிற்றே, எடை கூடியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அதில் யுரேனியமும் கலந்திருந்தது. கனத்தை அது இழுத்துக் குறைத்துவிட்டது. யுரேனியம் குறைந்த தோரைட் என்ற மற்றோர் இலங்கைக் கனிமத்தைச் சாடி தேடிப் பிடித்தார். அதிலிருந்து எடுத்த ஈயம் 207.7-ஐ ஒட்டி வந்தது. சாதாரண ஈயத்தைவிடக் கனமான ஈயம்! ஒரே உலோகம், ஒரே நிறம், ஒரே குணம், எடை மட்டும் பிறந்த மண்ணைப் பொறுத்து வேறு. வாழ்நாளெல்லாம் மாறாத எண்களைத் தேடிய ரிச்சர்ட்ஸ், அவை மாறுகின்றன என்பதையும் தம் தராசாலேயே உறுதிப்படுத்தினார். 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இந்தக் கதையில் வழக்கமாக விட்டுப்போகும் பெயர் ஒன்று உண்டு. அதே 1914-இல் வியன்னா நகரின் ரேடியம் ஆய்வு நிலையத்தில், ஓட்டோ ஹோனிக்ஷ்மிட் என்பவருடன் ஸ்டெஃபனி ஹோரோவிட்ஸ் என்ற இளம் பெண் இதே அளவீட்டைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார். வார்சாவில் பிறந்து வியன்னாவில் படித்துப் பட்டம் பெற்றவர். யோவாகிம்ஸ்தால் ஈயத்துக்கு அவர்கள் கண்ட எடை 206.74. பிறகு கிழக்கு ஆப்பிரிக்காவின் மொரோகோரோ பகுதியிலிருந்து வந்த மிகத் தூய யுரேனியக் கனிமத்தின் ஈயத்தை அளந்து 206.05 என்று கண்டார்கள். சாடியும் ஃபயன்ஸும் கணித்த 206-க்கு இதைவிட நெருங்கிய சான்று வேறென்ன வேண்டும்? ரிச்சர்ட்ஸின் பெயர் பாடப் புத்தகங்களில் நின்றது. ஹோரோவிட்ஸின் பெயர் நிற்கவில்லை. யூதரான அவர் 1942-இல் டிரெப்ளிங்கா முகாமில் நாஜிகளால் கொல்லப்பட்டார். அந்தப் பையனிடம் இந்த இடத்தைச் சொன்னபோது அவன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் அன்றைய பாடத்தை அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

தராசு காட்டியது சராசரியை மட்டுமே. கலவையைப் பிரித்துக் காட்டும் கருவியை 1919-இல் கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் ஆஸ்டன் அமைத்தார். அதன் வழிவந்த இன்றைய கருவிக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பெயர். உலோகங்களுக்கு அதைப் பயன்படுத்தும் விதத்தைச் சொல்லுகிறேன். ஈயக் கரைசலின் ஒரு சிறு துளியை ரேனியம் என்ற உலோகத்தாலான மெல்லிய நாடாவின்மேல் வைத்து உலர்த்துவார்கள். ஈயம் சட்டென்று ஆவியாகி ஓடிவிடாமல் பிடித்துவைக்கச் சிறிது சிலிக்கா ஜெல்லும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்ப்பது வழக்கம். காற்றை அறவே அகற்றிய பாத்திரத்துக்குள் நாடாவை மின்சாரத்தால் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றினால், ஈய அணுக்கள் மின்னேற்றம் பெற்று வெளிப்படும். பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் அவற்றை முன்னே தள்ளும். வழியில் ஒரு வலிய காந்தம் அவற்றின் பாதையை வளைக்கும். இலேசானது அதிகம் வளையும். கனமானது குறைவாக வளையும். 204, 206, 207, 208 என்று ஈயத்தின் நான்கு வகையும் நான்கு பாதைகளாகப் பிரிந்துவிடும். பாதையின் முடிவில் சிறு கிண்ணங்கள் அவற்றை வாங்கிக்கொள்ளும். எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு மின்சாரம் சேர்ந்ததோ அதுவே பங்கு.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது சங்கடம் எங்கே என்று தோன்றும். சங்கடம் அந்த நாடாவிலேயே இருக்கிறது. கூட்டம் கலையும்போது சிறுவர்கள் முதலில் ஓடிவிடுவதுபோல, சூடேறியதும் இலேசான அணுக்கள் சற்று முந்திக்கொண்டு ஆவியாகின்றன. ஆகவே ஐந்தாவது நிமிடத்தில் காணும் விகிதம் ஒன்று. ஐம்பதாவது நிமிடத்தில் காணும் விகிதம் மற்றொன்று. ஈயத்தில் இந்தப் பிழை ஓர் எடை அலகுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு வரும். கருவி எத்தனை நுட்பமானதாயினும், தன் பிழையைத் தானே அறியாது.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி, எனக்குத் தோன்றும் வரையில், இந்தத் துறையிலேயே மிக அழகானது. ஒரு கலவையின் உண்மையான விகிதம் தெரியவேண்டுமானால், உண்மையான விகிதம் தெரிந்த கலவை ஒன்றை முதலில் நாமே செய்துகொள்ளவேண்டும். தனித்தனியாகப் பிரித்தெடுத்த ஐசோடோப்புகளைத் தூய்மை செய்து, பழைய ரிச்சர்ட்ஸ் காலத்துத் தராசு ஒழுக்கத்தோடு நிறுத்து, இன்ன பங்கு இது, இன்ன பங்கு அது என்று கலந்துவிடுகிறார்கள். அந்தக் கலவையைக் கருவியில் வைக்கிறார்கள். கருவி சொல்லும் விகிதத்துக்கும் நமக்குத் தெரிந்த விகிதத்துக்கும் உள்ள வேறுபாடே கருவியின் பிழை. அதை அறிந்தபின் இயற்கை உலோகத்தை அதே முறையில், அதே சூட்டில், அதே நேரக் கணக்கில் அளந்து திருத்திக்கொள்ளலாம். ஆக, புதிய கருவி வந்தும் தராசு ஓய்வு பெறவில்லை.

பிரித்தெடுத்த ஐசோடோப்புகள் எங்கிருந்து வந்தன? இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டுக்காக யுரேனியத்தைப் பிரிக்க, அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் என்னுமிடத்தில் பிரம்மாண்டமான மின்காந்தக் கருவிகளைக் கட்டினார்கள். போர்க்காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு. ஆகவே காந்தங்களுக்குச் சுற்றும் கம்பிக்காக அரசாங்கக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கு மேற்பட்ட வெள்ளியைக் கடனாக வாங்கினார்கள். (பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், கடன் வாங்கியவர்கள் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!) போர் முடிந்தபின் அதே கருவிகள் செம்பு, வெள்ளி, ஈயம் போன்ற உலோகங்களின் ஐசோடோப்புகளைப் பிரித்துத் தரும் பணிக்குத் திரும்பின. அவற்றைக்கொண்டு அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிலையம் உலோகம் உலோகமாக அளந்தது. வெள்ளிக்கு அது 1982-இல் கண்ட எடை 107.86815. தராசை மட்டுமே நம்பிய ரிச்சர்ட்ஸ் சொன்னது 107.88. இடையில் அளவுகோல் மாறியதைக் கழித்துப் பார்த்தால், இருவருக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அலகில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு.

நம் நாட்டிலும் இத்தொழில் வேரூன்றியிருக்கிறது. மும்பையை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், இத்தகைய கருவிகளை நம்மவர்களே வடிவமைத்துக் கட்டியிருக்கிறார்கள். அணு உலையின் எரிபொருளில் எந்த வகை யுரேனியம் எத்தனை பங்கு இருக்கிறது என்று தெரியாமல் உலையை நடத்த முடியாதல்லவா?

சரி, இந்த ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தால் நமக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்?

ஈயத்தின் கலவை அது பிறந்த இடத்தின் முத்திரை என்று கண்டோம். அந்த முத்திரையைப் படித்துத்தான், 1956-இல் கிளேர் பாட்டர்சன் என்ற அமெரிக்கர், அரிசோனா பாலைவனத்தில் விழுந்த இரும்பு விண்கல்லின் ஈயத்தையும் பிற விண்கற்களின் ஈயத்தையும் ஒப்பிட்டு, பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று கணித்தார். அந்த வேலையில் அவருக்கு ஓயாத தொல்லை ஒன்று இருந்தது. எவ்வளவு கழுவினாலும் ஆய்வுக்கூடத்தில் ஈயம் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டேயிருந்தது. காற்றில், தூசியில், தலைமுடியில்கூட ஈயம். அதில் பெரும்பகுதி பெட்ரோலில் கலந்த ஈயம் என்று அவர் கண்டார். அதை நீக்கவேண்டும் என்று பல்லாண்டுகள் போராடினார்.

பெட்ரோல் ஈயம் காற்றில் இருக்கலாம், மனிதரின் இரத்தத்தில் சேருகிறதா என்று மறுத்தவர்கள் இருந்தார்கள். 1970-களில் இத்தாலியில் டூரின் நகரைச் சுற்றிய பகுதியில் இதற்கு ஒரு சோதனை நடந்தது. அந்தப் பகுதியில் விற்ற பெட்ரோலில், வழக்கமான ஈயத்துக்குப் பதிலாக ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத்து ஈயத்தைச் சில ஆண்டுகள் கலந்தார்கள். புரோக்கன் ஹில் ஈயத்தில், 207-ஐ நோக்க, 206-இன் பங்கு குறைவு. உலகின் மறுகோடியிலிருந்து வந்த அந்த முத்திரை முதலில் காற்றில் தெரிந்தது. பிறகு மனிதர்களின் இரத்தத்திலும் தெரிந்தது. டூரின் நகரவாசிகளின் இரத்தத்திலிருந்த ஈயத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பெட்ரோலிலிருந்து வந்தது என்று கணக்கிட்டார்கள். மறுப்பதற்கு அதன்பின் அதிக இடமில்லை. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு முதல் ஈயமில்லாத பெட்ரோலே விற்கப்படுகிறது. நகரத்துச் சாலையோரங்களில் குழந்தைகளை வளர்க்கும் நம்மில் பலருக்கு இது சிறிய செய்தியன்று.

மனிதன் கைபட்டும் அணு எடை மாறியதுண்டு. லித்தியத்தின் அணு எடை 6.94. அதில் 6 என்ற இலேசான வகையை ஹைட்ரஜன் குண்டுக்காகப் பிரித்து எடுத்துக்கொண்டு, எஞ்சியதைச் சந்தைக்கு விட்டுவிட்டார்கள். அது சாதாரண ரசாயனப் புட்டிகளில் அடைபட்டு ஆய்வுக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. புட்டியின்மேல் 6.94 என்று சீட்டு; உள்ளே 6.99 வரை எடையுள்ள சரக்கு!

இத்தனையும் கூடியபின், 2009-இல் உலக ரசாயனச் சங்கத்தின் அணு எடைக் குழு, ஹைட்ரஜன், லித்தியம், கார்பன் உள்ளிட்ட பத்துத் தனிமங்களுக்கு ஒரே எண்ணைச் சொல்வதை விட்டு, இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை என்று சொல்லத் தீர்மானித்தது. ஈயத்தின் முறை 2021-இல் வந்தது. அந்தப் பையன் கண்ட சதுர அடைப்புக் குறிகள் அவைதாம். 206.14 என்பது யுரேனியத்தின் பிள்ளையான ஈயத்தின் பக்கம்; 207.94 என்பது தோரியத்தின் பிள்ளையான ஈயத்தின் பக்கம். சாதாரணமாகக் கிடைக்கும் ஈயம் இந்த இரண்டு எல்லைகளுக்குள் நிற்கும்.

தோரியத்தின் பக்கத்தைக் காண நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கிறது. அதில் தோரியம் நிறைய உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்தத் தோரியம் சிதைந்து உண்டாக்கிய ஈயம் ஒவ்வொரு மணியிலும் சிறிதளவு அடங்கியிருக்கிறது. அதில் பெரும்பகுதி 208.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பையன் கடைசியாகக் கேட்டான்: “அப்படியானால் பரீட்சையில் என்ன எழுதுவது, மாமா?”

“207.2 என்று எழுது. கடையில் வாங்கும் ஈயத்துக்கு அது போதும், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் ‘மணவாளக்குறிச்சி மணலிலிருந்து எடுத்த ஈயம்’ என்று வினாத்தாளில் எவராவது குறித்திருந்தால் மட்டும், அளந்து பார்க்க ஒரு தராசும் ஒரு மாத அவகாசமும் வேண்டும் என்று எழுதிவிடு” என்றேன்.

புத்தகங்களை எடுத்துக்கொண்டு எழுந்தவன், வாசற்படியில் நின்று, “எங்கள் வீட்டு ரசச் சொம்பில் எத்தனை வகை?” என்றான். வெள்ளீயத்தில் பத்து வகை. நிலையான ஐசோடோப்புகளின் எண்ணிக்கையில் அதை மிஞ்சிய தனிமம் இல்லை. அதைச் சொல்லத் தொடங்கினால் மூன்றாவது மாலையும் போய்விடும் என்று, மறுவாரம் வரச் சொல்லி அனுப்பினேன்.